விஷப்பாம்பு வளர்ப்பு: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் யார் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும் கூப்பிடுகிற ஆட்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வருஷமாகப் பிடிக்கிறேன். அதோடு அனுமதி வாங்கி வீட்டின் பின்னறையில் பஃப் ஆடர் என்கிற இந்த ஊர் விரியன் ஒன்றும் வைத்திருக்கிறேன். இது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து கல்யாணம், கருமாதி, ஆடி மாதக் கூழ்ப் பூசை என்று எங்கே போனாலும் இலையில் கை வைப்பதற்குள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கேள்விகள் சுற்றிச் சுற்றி இருபது சொச்சம்தான். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை சோறு ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இதைப் படித்துப் பாம்பு வளர்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. அந்த எண்ணத்தில் எழுதவும் இல்லை.

விஷப்பாம்பை வீட்ல வெச்சுக்க சட்டம் விடுதா அண்ணா?

அனுமதிச் சீட்டு இருந்தால் விடுகிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதைக் கொடுப்பது எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பு. இங்கே அடிப்படைச் சட்டம் பழையது, 1974ஆம் வருஷத்து நட்டால் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். அதற்கு மேலே நாடு முழுமைக்குமாக 2004இல் வந்த பல்லுயிர்ச் சட்டமும், அதன்கீழ் 2007இல் வந்த பாதுகாக்கப்பட்ட இனங்களுக்கான விதிகளும் இருக்கின்றன.

மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். ஜோஹானஸ்பர்க்கில் ஒருவரிடம் வாங்கிய பாம்பை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு வான் ரீனன் கணவாய் வழியாக இறங்கினால், அவருடைய சீட்டு இங்கே உங்களுக்கு உதவாது. கொண்டுவரத் தனிச் சீட்டு, வைத்திருக்கத் தனிச் சீட்டு. ஆனால் ஒன்று: சீட்டு இருக்கிறது என்றால் சட்டத்தை மீறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். செய்வது சரிதானா என்பது வேறு கேள்வி. கீழே உள்ளதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

உள்ளூர் விஷப்பாம்புன்னா எதெது? நம்ம நல்ல பாம்பு இங்க உண்டா?

நம் ஊர் நல்ல பாம்பு, படத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட அந்த நாகம், ஆப்பிரிக்காவில் எங்கும் கிடையாது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டம் கரும்புத் தோட்டத்தில் படமெடுக்கிற எதைப் பார்த்தாலும் நல்ல பாம்பு என்றுதான் சொல்லியிருக்கும். என் ஆயாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அவர் பார்த்தது பெரும்பாலும் ம்ஃபேசி, அதாவது மொசாம்பிக் துப்பும் நாகம். கண்ணைக் குறிவைத்து இரண்டு மூன்று மீட்டர் தூரம் விஷம் துப்பும்.

மற்றவை: கறுப்பு மம்பா (உடம்பு சாம்பல் நிறம்தான், வாய்க்குள்ளே தான் கறுப்பு), கடற்கரையோர மரங்களில் பச்சை மம்பா, உள்நாட்டு மேட்டுப் பகுதியில் ரிங்கால்ஸ், எங்கும் பஃப் ஆடர், வடக்கே செயின்ட் லூசியா பக்கத்துக் காடுகளில் கபூன் ஆடர், மரத்தில் பூம்ஸ்லாங். கேப் பக்கம் போனால் கேப் கோப்ரா. விரியன் என்று நாம் சொல்லும் இனத்தோடு சேர்ந்தவைதான் ஆடர்கள்.

கூண்டுல பொறந்த பாம்புக்கு விஷம் கம்மியாமே?

இல்லை. பஃப் ஆடர் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்து வெளியே வந்த சாண் நீளக் குட்டியும் விஷத்தோடும் பல்லோடும்தான் வருகிறது. பாட்டன் காலத்திலிருந்து கூண்டிலேயே பிறந்த வம்சமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நாய் மனிதனோடு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்து மாறியது. பாம்புக்கு அப்படி ஒரு கதை இல்லை.

பழகிட்டா நம்மள அடையாளம் தெரிஞ்சுக்குமா? கடிக்காதுல்ல?

பதினைந்து நாளைக்கு ஒரு முறை என் பாம்புக்கு எலி கொடுக்கிறேன். உறையவைத்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீள இடுக்கியில் வாலைப் பிடித்து உள்ளே நீட்டுவேன். அதுவரை காய்ந்த இலைக்குள் ஒரு சாணிக் கட்டி மாதிரிக் கிடக்கும். அப்புறம் என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. இடுக்கி ஒரு வெட்டு வெட்டும், எலி அதன் வாயில் இருக்கும். பிறகு நிதானம். எலியின் தலை எந்தப் பக்கம் என்று நாக்கால் தேடும். தாடையின் இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு, பல் எலியின் மேல் நடந்துபோவது தெரியும். ஆறு வருஷமாக இது நடக்கிறது. இடுக்கியின் இடத்தில் என் விரல் இருந்திருந்தால் அதற்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. இதுதான் எங்கள் பழக்கம்.

கூண்டுப் பாம்பு காலப்போக்கில் கலவரப்படுவது குறையும், அவ்வளவுதான். கபூன் ஆடர் மாதிரி இயல்பிலேயே அசமந்தமானதை வைத்திருப்பவர்கள்தான் 'பழகிவிட்டது' என்று அதிகம் சொல்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் பல் அதற்கு. அது கடிக்காமல் இருந்த ஆயிரம் நாளை வைத்து ஆயிரத்து ஓராவது நாளைச் சொல்ல முடியாது.

விஷப்பையை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நமக்கும் பயமில்ல, அதுக்கும் தொல்லையில்ல. அப்படிப் பண்ணலாமா?

பண்ணக்கூடாது. நமக்குக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் வாயைக் கிழித்துத் தைப்பது அது. நல்ல கால்நடை மருத்துவர் தொட மாட்டார். 1962ஆம் வருஷத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கூண்டில் உள்ள ஊர்வனவற்றுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, அறுத்த குழாய் மறுபடி கூடி, விஷம் மறுபடி வந்த கதைகள் உண்டு. விஷம் இல்லை என்று நம்பிக் கையில் எடுப்பவர் விஷமுள்ள பாம்பை வைத்திருப்பவரைவிட ஆபத்தில் இருக்கிறார்.

கூண்டுலயே பொறந்ததுதான்னு விக்கிறவர் சொல்றாரு. நம்பலாமா?

நானே நம்பி ஏமாந்தேன். ஆரம்ப காலத்தில் ஒருவர் 'மூன்றாம் தலைமுறைக் கூண்டுப் பிறப்பு' என்று சொல்லி ஒரு பெண் பஃப் ஆடர் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே இரண்டு செதில் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. செதிலுக்கு அடியில் மிளகு அளவில் உண்ணி. இன்னும் தேடினேன், வயிற்றோரம் நான்கு. சுத்தமான பெட்டியில் பிறந்து காகிதத்தின் மேல் வளர்ந்த பாம்புக்கு உண்ணி எங்கிருந்து வரும்? ஏதோ புல்வெளியில் போன மாதம் பிடித்தது அது. வயிற்றில் குட்டியும் இருந்தது.

இந்த வியாபாரத்தின் ரகசியம் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. காட்டிலிருந்து சினைப் பாம்பைப் பிடித்து வந்து கூண்டில் போட்டால் ஒரு மாதத்தில் இருபது முப்பது குட்டி. அவை பிறந்தது கூண்டில்தான், பொய்யில்லை. ஆனால் அப்பா அம்மா இரண்டும் காட்டுக்குச் சொந்தமானவை. எனவே குட்டி எங்கே பிறந்தது என்று கேட்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், தாயின் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், தகப்பன் எங்கே என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் வந்ததை வனவிலங்கு அதிகாரிகளிடம் ஒப்படைத்தேன். கொடுத்த பணம் போனதுதான்.

வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கிறதைவிட உள்ளூர்ப் பாம்பு வளர்க்கிறது தப்பில்லதானே? மருந்தாவது கிடைக்குமே?

உள்ளூர்ப் பாம்பு ஆதரவாளர்களின் முதல் வாதம் இதுதான், பாதி நியாயமும் இருக்கிறது. சில மாகாணங்களில் உள்ளூர்ப் பாம்புக்கு ஆயிரம் ஆவணம் கேட்பார்கள், தாய்லாந்து நாகத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த நாகம் கடித்தால் மருந்து இந்த நாட்டிலேயே இருக்காது. உள்ளூர்ப் பாம்புக்கு ஜோஹானஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்கத் தடுப்பூசித் தயாரிப்பு நிறுவனம் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் பல்பாம்பு விஷமுறிவு மருந்து இருக்கிறது. மம்பாக்கள், நாகங்கள், ரிங்கால்ஸ், பஃப் ஆடர், கபூன் ஆடர் எல்லாம் அதில் அடக்கம்.

இப்போது மறுபாதி. ஒரு கடிக்கு ஒரு குப்பி என்று பலர் நினைக்கிறார்கள். பத்து மில்லிக் குப்பி பத்துவரை சாதாரணமாகப் போகும், மம்பாவென்றால் அதற்கு மேலும். ஒரு குப்பி ஆயிரக்கணக்கான ராண்ட். நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்த காலங்களும் உண்டு. வடக்கே கிராமங்களில் தரையில் பாய் போட்டுத் தூங்கும் பிள்ளைகளை ராத்திரியில் ம்ஃபேசி கடிக்கிறது. கரும்பு வெட்டுகிறவரைப் பஃப் ஆடர் கடிக்கிறது. அவர்களுக்கும் அதே அலமாரி, அதே பத்துக் குப்பி. அவர்கள் பாம்பைத் தேடிப் போகவில்லை. நான் போனேன். வளர்ப்பவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால் பேச்சு உடனே கூண்டு விலைக்கு மாறிவிடும்.

அப்போ மருந்தை நாமளே காசு போட்டு வாங்கி ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாமே?

வாங்கி வைத்து என்ன செய்வீர்கள்? குதிரைப் புரதம் உடம்புக்குள் போகும்போது கடுமையான ஒவ்வாமை வருவது இந்த மருந்தில் அரிதே இல்லை. அட்ரினலினும், மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லாமல் ஏற்றினால் பாம்பு செய்யாததை மருந்து செய்துவிடும். ஆஸ்பத்திரியில் மட்டுமே போட வேண்டிய மருந்து வீட்டுக் குளிர்பெட்டியில் காலாவதியாவது, மேலே சொன்ன அலமாரியிலிருந்து இன்னும் பத்துக் குப்பியைத் தூக்கியதற்குச் சமம்.

எல்லாப் பாம்புக்கும் அது வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெர்க் ஆடர், நைட் ஆடர், கொம்பு ஆடர், ஸ்டிலெட்டோ, கொடிப்பாம்பு இவற்றுக்கு மருந்தே கிடையாது. 'சின்ன ஆடர்தான், அழகாக இருக்கிறது' என்று தேடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

கடிச்சிட்டா முதல்ல என்ன பண்ணணும்?

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றுங்கள். கடித்த கை காலை ஆட்டாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள். மம்பா கடித்து மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். மூச்சை மட்டும் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆள் பிழைக்க வழி உண்டு. கண்ணில் துப்பினால் தண்ணீர், நிறையத் தண்ணீர், கால் மணி நேரத்துக்குக் குறையாமல், பிறகு மருத்துவர். பால் ஊற்றச் சொல்லும் ஆயாவிடம் சண்டை போட வேண்டாம், குழாயைத் திறந்து விடுங்கள்.

ஆஸ்பத்திரி பக்கத்துல தானே இருக்கு? பத்து நிமிஷம்.

2021 ஜூலையில் இருந்ததா? கலவரம் நடந்த அந்த வாரத்தில் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் நாமே டயரும் கல்லும் போட்டு அடைத்து, ராத்திரி முழுக்கக் காவல் இருந்தோம். பெட்ரோல் கிடையாது. பின்னறைக்குப் போய்க் கூண்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். அந்த வாரம் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட மாற்றவில்லை. அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து பாலங்களை அடித்துக்கொண்டு போனது. பத்து நிமிஷக் கணக்கு நல்ல நாளுக்கான கணக்கு.

பூம்ஸ்லாங்குக்குப் பல்லு பின்னாடிதான, சாதுவான பாம்பு, அது பரவாயில்லயா?

1957இல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற பேர்பெற்ற ஊர்வன ஆராய்ச்சியாளரைக் குட்டி பூம்ஸ்லாங் ஒன்று கடித்தது. அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பில் நடப்பதைக் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் இறந்துபோனார். அந்த விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியையே தீர்த்துவிடும், அதுவும் மெதுவாக. முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது, 'பார்த்தாயா, ஒன்றுமில்லை' என்று சொல்ல வைக்கும். இதற்கு மேலே சொன்ன பல்பாம்பு மருந்து உதவாது. தனி மருந்து, தனியாகக் கேட்டு ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வரவழைக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய கூண்டு வேணும்?

எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்தது. பஃப் ஆடர் காட்டிலேயே நாள்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து இரைக்குக் காத்திருக்கும் ஜாதி. ஒரு நல்ல அலமாரி அளவு, ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, ஒளிய இடம் இருந்தால் அதற்கு என்ன குறை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குறையே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ராத்திரியில் சில சமயம் அது கண்ணாடியோரமாக, கம்பளிப்பூச்சி மாதிரி நேர்கோட்டில் ஊர்ந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பும். மறுபடி போய்த் திரும்பும். வயிற்றுச் செதில் கண்ணாடியில் உரசும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும்.

மம்பா வேறு கதை. வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ் பள்ளத்தாக்குகளில் மே, ஜூன் மாதங்களில் இரண்டு ஆண் மம்பாக்கள் முறுக்கிக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டரை மூன்று மீட்டர் நீளம், காலையில் இந்த மரம், மாலையில் அந்தப் பாறை. அதை மேசை நீளப் பெட்டியில் சுருட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நேராக நீட்டிப் படுக்க முடியாத பெட்டியில் எந்தப் பாம்பையும் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்து வளர்க்கிறவர்களுக்கு என்மேல் கோபம், பரவாயில்லை.

உயிரோட எலி போடுவீங்களா? பாவமில்லையா?

போட மாட்டேன். எலிக்கும் பாவம், பாம்புக்கும் ஆபத்து. மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணைக் கடித்த கேஸ்கள் உண்டு. உறையவைத்தது போதும். எலி சாப்பிடாத பாம்பை வளர்ப்பதில்தான் சிக்கல். நைட் ஆடருக்குத் தேரை வேண்டும், பூம்ஸ்லாங்குக்குப் பச்சோந்தியும் பறவையும் பிடிக்கும். கூண்டுப் பாம்புக்காகக் காட்டுத் தேரையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 'காட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை' என்ற பேச்சு எங்கே போனது?

நீங்க சொல்ற மாதிரி எல்லாம் பாத்தாலும், இது அந்த இனத்தைக் காப்பாத்துறதுக்கு உதவுதுதானே?

பெரும்பாலும் இல்லை. பஃப் ஆடரைக் காப்பாற்ற யாரும் கூண்டில் வளர்க்கத் தேவையில்லை. அது போதுமான அளவு இருக்கிறது. கபூன் ஆடருக்கு ஆபத்து கடலோரக் காடு போனதால் வந்தது. அந்தக் காட்டை வெட்டித்தான் கரும்பு நட்டார்கள், நட்டது யார் என்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். காடு திரும்பாமல் கூண்டில் நூறு பாம்பு இருந்து என்ன பயன்? ஈஸ்டர்ன் கேப்பில் அல்கோவா விரிகுடா பக்கம் சின்ன நிலப்பரப்பில் மட்டும் வாழும் ஆல்பனி ஆடருக்குச் சுரங்கமும் கட்டடமும் ஒரு பக்கம் எமன் என்றால், சேகரிப்பவர்களின் ஆசை இன்னொரு பக்கம் எமன். அரிதானது என்று தெரிந்தவுடன் விலை ஏறுகிறது. விலை ஏறியதும் யாராவது டார்ச் விளக்கோடு கிளம்பிவிடுகிறார்கள்.

விலங்குக் காட்சிசாலைகள் வம்சக் கணக்கு வைத்து, திட்டம் போட்டு வளர்ப்பது வேறு. பின்னறையில் நான் செய்வது பொழுதுபோக்கு. அதற்கு அந்தப் பெரிய பெயரைச் சூட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குட்டி போட்டா என்ன பண்ணுவீங்க?

என்னுடையது ஆண், தனி. ஜோடி சேர்க்கப்போவதில்லை. பஃப் ஆடர் ஒரு ஈற்றில் இருபதிலிருந்து நாற்பது போடும். செக் நாட்டு விலங்குக் காட்சிசாலை ஒன்றில் ஒரு கென்யப் பாம்பு 156 போட்டிருக்கிறது. முப்பது குட்டி என்றால் முப்பது பூட்டு, முப்பது சீட்டு, பதினைந்து வருஷம் பொறுப்பாக இருக்கக்கூடிய முப்பது ஆட்கள். எனக்கு அப்படி மூன்று பேரைக்கூடத் தெரியாது. நிறமில்லாதது, கோலம் மாறியது என்று புதுப்புது நிறத்துக்காக அண்ணன் தங்கையை ஜோடி சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதேயில்லை.

வேண்டாம்னு தோணினா காட்டுல விட்டுடலாமே? அதோட வீடுதான?

அதன் வீடு கூண்டுதான். காட்டைப் பார்த்ததே இல்லை. மற்ற பாம்புகளோடு கூண்டில் இருந்தபோது ஒட்டிய நோயை அது காட்டுக்குக் கொண்டுபோகும். கேப் பக்கத்துப் பஃப் ஆடரும் நம் பக்கத்ததும் மரபுவழியில் வெவ்வேறு கிளைகள். இங்கே கொண்டுவந்து விட்டால் கலந்துபோகும். சட்டப்படியும் குற்றம். வீடுகளில் நான் பிடிக்கும் பாம்பை விடுவது இதோடு சேராது. அது அந்தப் பகுதிப் பாம்பு, விதிப்படி பக்கத்திலேயே போய்ச் சேருகிறது.

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. நல்ல கவனிப்பில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வாழும். நம் ஆட்கள் பாதிப் பேர் ஆஸ்திரேலியா, கனடா என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விமானத்தில் நாயை ஏற்றலாம்.

நாகத்தைக் கூண்டுல அடைச்சா தோஷம் இல்லையா? புத்துக்குப் பால் ஊத்துறவங்க நாம.

என் மாமியார் வாரம் ஒருமுறை கேட்கிறார். தோஷத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பாலைப் பற்றிச் சொல்ல முடியும்: பாம்புக்குப் பால் தேவையில்லை. புற்றில் ஊற்றும் பாலும் வைக்கும் முட்டையும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். அந்த வழியில் பார்த்தால் பிரார்த்தனை பலிக்கத்தான் செய்கிறது.

சூலு மக்களிடமும் முன்னோர் பாம்பாக வீட்டுக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை உண்டு. உம்லாசியில் ஒரு வீட்டில் பச்சைப் பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். போனால் வாசலில் அந்த வீட்டுப் பாட்டி நின்று 'கோகோவைத் தொடாதே, அது கிளம்பும்போது கிளம்பும்' என்றார். கோகோ என்றால் சூலுவில் பாட்டி. பேரன்தான் எனக்கு போன் செய்தவன், அவன் வாய் திறக்கவில்லை. விஷமில்லாத பாம்பு. திரும்பி வந்துவிட்டேன். கூண்டு வேண்டாம் என்பவர்களில் எனக்குப் பதில் சொல்ல வராதது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணுமா? சொன்னா சண்டை வருமே.

சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி, லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து போன் வந்தது, குளியலறையில் ம்ஃபேசி என்று. கரண்ட் வேறு போயிருந்தது. அவசரத்தில் கிளம்பிவிட்டேன். நடுராத்திரி திரும்பி வந்து டார்ச் அடித்தால், பூட்டு கொக்கியில் திறந்தபடி தொங்குகிறது. கண்ணாடி கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருக்கிறது. கதவுக்கு வெளியே என் ஒன்பது வயது மகனின் ஒற்றைச் செருப்பு. இலைகளுக்குள் அந்த ஆங்கில வி எழுத்து மாதிரியான கோலங்களை எண்ணி, தலை, உடம்பு, வால் எல்லாம் உள்ளேதான் என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நேரமானதோ தெரியாது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அவள் பேசாதது நியாயம்.

அதன் பிறகு ஒரு விதி: பூட்டைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்ட பிறகுதான் போனை எடுப்பேன். அறைக் கதவின் அடி இடுக்கை ரப்பர் வைத்து அடைத்தேன். கூண்டின் மேல் பாம்பின் பெயர், என்ன மருந்து, யாரைக் கூப்பிடுவது என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். மறுநாள் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர் இன்றுவரை என் வீட்டில் டீ குடிப்பதில்லை. ஆபத்தில் பங்கு இருப்பவருக்குச் சம்மதத்திலும் பங்கு வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் பாம்பை வேறிடம் அனுப்பியிருப்பேன்.

என் பையனுக்குப் பதினாறு வயசு, மம்பா வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். என்ன சொல்றது அங்கிள்?

என்னோடு ஒரு சனிக்கிழமை அனுப்புங்கள். பாதி அழைப்புகளில் பாம்பே இருக்காது, தோட்டக் குழாய்தான் இருக்கும். ஒரு முறை ஸ்டிலெட்டோ பாம்பைக் காட்டுகிறேன். கறுப்பாக, மண்புழு மாதிரி சாதுவாக இருக்கும். மற்ற பாம்பைப் போலத் தலைக்குப் பின்னால் பிடித்தாலும் பல்லைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்த விரலையே குத்தும். அதைப் பார்த்தால் 'எனக்குப் பிடிக்கத் தெரியும்' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பிறகும் ஆசை இருந்தால் முறையான பயிற்சி வகுப்பு, அதன் பிறகு விஷமில்லாத ஏதாவது ஒன்று, நான்கைந்து வருஷம். தண்ணீர் மாற்ற மறக்கிற பையனுக்கு மம்பா கிடையாது.

இவ்வளவு பேசுறீங்க, நீங்க மட்டும் ஏன் வெச்சிருக்கீங்க?

வெளிநாடு போன ஒருவர் விட்டுப்போனது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கருணைக்கொலைதான் என்றார்கள். சீட்டு மாற்றி எடுத்துக்கொண்டேன். முன்பு பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன், பிள்ளைகள் பாம்பை அடிக்காமல் இருக்க உதவும் என்று. இப்போது நிறுத்திவிட்டேன், பெட்டிக்குள் குலுங்கிக் குலுங்கி வந்து, முப்பது பேர் கத்தலில் அது புஸ் புஸ் என்று உப்பிக்கொண்டே இருக்கும். படம் காட்டினாலும் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இதெல்லாம் சொன்னாலும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தோல் உரிக்கும் முன் கண் பால் நீலமாக மாறும் அந்த வாரம், வேலையிலிருந்து வந்ததும் முதலில் பின்னறைக்குத்தான் போவேன். அதற்கு என்னால் என்ன லாபம் என்று கேட்டால் எலியைத் தவிர எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இது செத்தா அடுத்தது வாங்குவீங்களா?

மாட்டேன். கூண்டைச் சித்தி ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார், கறிவேப்பிலைக் கன்று வைக்க.